மாநிலச் சட்டையும் தோட்டத்துத் திடலும்

எச்.எம்.எஸ். மலாயா என்னும் போர்க்கப்பலின் மாலுமிகள் நன்றிக்கடனாக அளித்த கிண்ணத்துக்காக 1921இல் தொடங்கிய மலாயாக் கிண்ணக் காற்பந்துப் போட்டி, போரால் தடைப்பட்டு 1948இல் மீண்டும் உயிர்பெற்றது. மறு ஆண்டே சிலாங்கூர், 1938க்குப் பிறகு முதன்முறையாக அதனை வென்றது. அக்கப்பலைக் கட்டப் பணம் தந்த மலாய்க் கூட்டு மாநிலங்களின் வருவாயில் ரப்பருக்கும் பங்கு உண்டு என்பதால், பால்மரம் வெட்டியவரின் உழைப்பும் அக்கிண்ணத்தின் வரலாற்றில் சேர்ந்தே இருக்கிறது.

அப்போட்டியின் அடித்தளம் மாநிலப் பிரதிநிதித்துவம், அதாவது ஒவ்வொரு மாநிலமும் தன் எல்லைக்குள் ஆடுவோரிலிருந்து அணியைத் தெரிவுசெய்யும் முறை ஆகும். ஆட்டக்காரர்கள் பகலில் வேலைக்குச் சென்று மாலையில் பயிற்சி செய்த ஊதியமில்லா வீரர்களாகையால், எந்த முதலாளிக்கும் உடைமையாகவில்லை. அதே 1949இல் அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் வீரர்களோ, ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் அவர்களைத் தன்னிடமே வைத்துக்கொள்ளக் கழகத்துக்கு உரிமை தந்த விதியால் கட்டுண்டிருந்தனர். அவ்விதி 1975இல்தான் தகர்ந்தது. ஊதியம் பெற்றவருக்கு இல்லாத விடுதலை ஊதியமற்றவருக்கு இருந்தது இம்முறையின் உண்மையான சிறப்பு.

ஆயினும் தகுதியை அளப்பதில் அமெரிக்க முறையே நேர்மையானது. அங்கு ஓர் அணிக்குப் பருவத்துக்கு 154 ஆட்டங்கள். 1949இல் நியூயார்க் யாங்கீஸ் 97 வெற்றிகளும் பாஸ்டன் ரெட் சாக்ஸ் 96 வெற்றிகளும் பெற, கடைசி நாள் ஆட்டமே முதலிடத்தைத் தீர்மானித்தது. விரல்விட்டு எண்ணத்தக்க ஆட்டங்களில் முடிந்த மலாயாக் கிண்ணத்தில், ஒரு நாள் மழையோ ஒரு காயமோ ஆண்டு முழுவதன் உழைப்பையும் அழித்துவிடக்கூடும்.

இதனினும் பெரிய குறை, தெரிவுக்குச் செல்லும் வாயில் குறுகியிருந்தது. மாநில அணிக்கான வழி பெரும்பாலும் நகரக் கழகங்களின் ஊடாகச் சென்றது; அவற்றிலும் பல இன அடிப்படையில் அமைந்தவை. கோலாலம்பூரிலிருந்து தொலைவிலுள்ள புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம் வட்டாரத் தோட்டத்து இளைஞன் விடியுமுன் பெரட்டு என்னும் வருகைப் பதிவுக்கு நின்று, பால் எடுத்து நிறுத்துக் கொடுத்த பிறகே திடலுக்கு வர இயலும். நகரத்தில் மாலைப் பயிற்சிக்குச் செல்ல அவனுக்குப் பேருந்துக் காசும் இல்லை, நேரமும் இல்லை. 1948 ஜூனில் அறிவிக்கப்பட்ட அவசரகாலமும், அதனோடு வந்த ஊரடங்குகளும் வேலிகளும் அத்தொலைவை மேலும் நீட்டின. ஊதியமின்றி ஆடுவது உயரிய பண்பு என்று போற்றப்பட்டது. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்நாட்கூலியை இழப்பவனுக்கு அப்பண்பே மூடிய கதவானது. மாநிலத்தின் சிறந்த பதினொருவர் என்று அறிவிக்கப்பட்டவர்கள், தெரிவாளர்களின் கண்ணில் பட்ட பதினொருவரே.

மலேசியாவில் காற்பந்து 1989இல் பகுதித் தொழில்முறையாகவும் 1994இல் முழுத் தொழில்முறையாகவும் மாறியது. ஆட்டத்துக்குக் கூலி வந்த அதே காலத்தில், தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் என்னும் தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்து குடும்பங்கள் பட்டணங்களுக்கு வெளியேறிக்கொண்டிருந்தன.