காசின் பரப்பில் சாலையோரம்: ஜொகூரிலிருந்து ஒரு நோக்கு

நாணயத்தில் எவ்வுருவம் பொறிக்கத்தக்கது என்னும் வினா நாணயவியலாருக்கு மட்டும் உரியதன்று. ஒரு சமுதாயம் தன்னை எவ்வாறு காட்டிக்கொள்ள விழைகிறது என்பதை ஆராய்வோர்க்கும் உரியது. 2023-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய அரச நாணயச்சாலை, அந்நாட்டு அஞ்சல் நிறுவனத்தோடு இணைந்து வெளியிட்ட ஒரு டாலர் நினைவு நாணய வரிசை இவ்வினாவை நம்முன் வைக்கிறது. ஒருபுறம் வழக்கம்போல் முடியாட்சியின் முகம். மறுபுறம் நெடுஞ்சாலையோரத்துப் பெரும் வாழைப்பழம், பெரும் அன்னாசி, பெரும் சிங்கி இறால், பெரும் கோவாலா முதலியன.

இவ்வுருவங்களுள் பலவற்றின் பிறப்பு வணிகம் சார்ந்தது. விரைந்து செல்லும் வண்டிகளை வாழைப்பழக் கடைமுன் நிறுத்துவதற்கென்றே 1964-இல் காஃப்ஸ் ஹார்பரில் பெரும் வாழைப்பழம் எழுப்பப்பெற்றது. குவீன்ஸ்லாந்து மாநிலத்து வூம்பை அன்னாசி 16 மீட்டர் உயரமுடையது. ஒரு டாலர் நாணயத்தின் விட்டமோ 25 மில்லிமீட்டர். பருமை ஒன்றையே சிறப்பாகக் கொண்ட பொருளிலிருந்து அப்பருமையைக் கழித்துவிட்டால் எஞ்சுவது யாது? வெறும் பழம். அதனடியில் பிள்ளைகளை நிற்கவைத்துப் படமெடுத்தவருக்கே அக்காசு பொருள் தரும். ஆகவே, இவ்வரிசையின் சிறப்பு செதுக்கலில் இல்லை, வாங்குவோர் உடன்கொண்டுவரும் நினைவில் உள்ளது என்பது நம் கருத்து.

(அன்னாசிக்குக் காசு அடிப்பதானால், பொந்தியான் மாவட்டத்துப் பெக்கான் நானாஸுக்கு அவ்வுரிமை கூடுதலாகவே உண்டு; ஊரின் பெயரே அன்னாசிப் பட்டணம் எனப் பொருள்படும். மலாயின் நானாஸும் தமிழின் அன்னாசியும் போர்த்துக்கீசியர் வழிவந்த ஒரே தென்னமெரிக்கச் சொல்லின் இருவேறு வடிவங்களாகும்.)

ஜொகூர் மக்கள் இத்தகைய நாணயத்தைத் தேடி ஆஸ்திரேலியா செல்ல வேண்டியதில்லை. கடற்பாலத்தைக் கடந்து நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்புவோரின் சட்டைப்பையிலேயே அஃது உள்ளது. 2013-இல் வெளிவந்த சிங்கப்பூரின் மூன்றாம் நாணய வரிசையில், ஒரு வெள்ளிக் காசு மெர்லயனைத் தாங்கியுள்ளது. சிங்கத்தலையும் மீனுடலும் கொண்ட அவ்வுருவம் பழந்தொன்மம் அன்று. 1964-இல் சுற்றுலாக் கழகத்தின் சின்னமாக வரையப்பெற்று, 1972-இல் சிலையானது. அரை நூற்றாண்டுக்குள் ஒரு விளம்பரச் சின்னம் நாட்டுச் சின்னத்தின் மறுபக்கத்தில் இடம்பெற்றுவிட்டது. அதே காசில் ‘சிங்கப்பூர்’ என்னும் பெயர் தமிழெழுத்திலும் உள்ளமை நோக்கத்தக்கது.

ஜொகூருக்கென ஒரு வரிசை அமையுமாயின், ஜொகூர் பாருவிலுள்ள அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலைப் பலரும் முன்மொழிவர். தெப்ராவ் சாலையை ஒட்டி, இருப்புப்பாதைக்கு அண்மையில் 1922-இல் எளிய கொட்டகையாகத் தொடங்கிய இக்கோயில், பின்னர்ச் சுவரும் தூணும் விதானமும் கண்ணாடித் துண்டுகளால் பொதியப்பெற்று, நாட்டின் முதல் கண்ணாடிக் கோயிலென மலேசியச் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது. சேகரிப்பாளருக்கென மெருகேற்றி அச்சிடப்படும் நாணயத்தின் தளம் ஆடிபோல் ஒளிர்வது. எனவே, வாழைப்பழத்திற்கு நேர்ந்த இழப்பு இதற்கு நேராது. ஒளி, காசிலும் ஒளியாகவே நிற்கும்.

ஆயினும் நாம் இதனை எளிதில் வரவேற்க இயலாது. அம்மனைப் பெரும் இறாலின் வரிசையில் நிறுத்துவது முறையா என்னும் தயக்கம் ஒருபுறமிருக்க, காசு எதனை மறைக்கும் என்பதே நம்மை உறுத்துகிறது. கண்ணாடி பொறிக்கப்படும், கொட்டகை பொறிக்கப்படாது. தண்டவாளத்தருகே தெய்வத்தை நிறுத்தி வழிபட்டவர்களின் முதல் கற்பூரமும் அதில் புலப்படாது. மேலும், தோட்டங்கள் கைமாறியபின் சாலையோரத்து மரத்தடியில் எஞ்சிநிற்கும் முனீஸ்வரன் மேடைகள் பலவற்றுக்கு நிலப்பட்டாவே இல்லை. காசில் ஏறுவதற்கு முன் நிலப்பதிவேட்டில் ஏறவேண்டியவை அவை.

இங்கு நம் நாட்டு நாணய வரலாற்றையும் ஒப்புநோக்க வேண்டும். 1976-இல் இயற்கைப் பாதுகாப்பை முன்னிட்டு வெளியான நினைவு நாணயங்கள் காட்டெருமை, இருவாட்சி, தெப்பீர் ஆகியவற்றைக் காட்டின. 1989-இல் வெளிவந்த இரண்டாம் வரிசைப் புழக்கக் காசுகளோ கட்டடத்தையோ இடத்தையோ காட்டாமல், வீட்டில் புழங்கும் பொருள்களைத் தேர்ந்தன: 5 காசில் பம்பரம், 10 காசில் சொங்கா, 20 காசில் வெற்றிலைப் பெட்டி, 50 காசில் பட்டம். இவை மலாய்ப் பண்பாட்டு அடையாளங்களாகவே தேரப்பெற்றவை. தமிழருக்கென ஒன்றும் ஒதுக்கப்படவில்லை. அதனைக் குறையென்று சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை. எனினும், பம்பரமும் வெற்றிலையும் நமக்கு அயலானவையா? சொங்கா, பல்லாங்குழியின் உடன்பிறப்பேயன்றோ? 2012-இல் செம்பருத்திப் பூவும் மரபுக் கோலங்களும் கொண்ட மூன்றாம் வரிசை புழக்கத்திற்கு வந்தபோது இவ்வுருவங்கள் விடைபெற்றன. அழகில் புதியவை குறைந்தவையல்ல. ஆயின் அவற்றைக் கண்டு எவரும் விளையாட்டொன்றை நினைவுகூரார்.

இருவேறு வரிசைகளையும் ஒப்பிடுகையில், இடத்தைப் பொறிக்கும் காசு அவ்விடத்தாரை மட்டுமே அழைக்கிறது, பொருளைப் பொறிக்கும் காசோ அதனைக் கையாண்ட எவரையும் அழைக்கிறது என்னும் வேறுபாடு தெளிவாகிறது. வகுப்பில் ஒருமுறை பழைய பத்துக் காசை மாணவரிடையே சுற்றவிட்டோம். தோட்டப்புறத்திலிருந்து வந்த மாணவி ஒருவர் அதனைத் திருப்பிப் பார்த்து, “பாட்டி வீட்டுல இருந்துச்சு சார், புளியங்கொட்டை போட்டு விளையாடுவோம்” என்றார். அக்காசின் மீது ஓர் எழுத்தும் தமிழில் இல்லை.