வரி முழுதாக வந்ததா?

கோப்பைத் திறந்து வரி வரியாகப் படிப்பது சி மொழியில் தொடக்கநிலைப் பாடம்தான். ஆனாலும் அனுபவசாலிகளின் நிரல்களில்கூட அந்த இடத்தில் பிழை ஒளிந்திருக்கிறது. ஒரு வரி எவ்வளவு நீளம் என்பது அதைப் படித்து முடித்த பிறகுதான் தெரியும். அதை வைக்க வேண்டிய இடத்தையோ படிப்பதற்கு முன்பே ஒதுக்கியாக வேண்டும். சிக்கல் எல்லாம் இந்த முன்பின்னில்தான் தொடங்குகிறது.

வரியைப் படித்துத் தரும் பழைய கெட்ஸ் சார்பு இந்தச் சிக்கலைக் கண்டுகொள்ளவே இல்லை. இடம் எவ்வளவு என்று கேட்காமல், வந்ததையெல்லாம் கொட்டியது. 1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் பரவிய மோரிஸ் புழு என்ற தீநிரல் கணினிகளுக்குள் நுழைந்த வழிகளில் ஒன்று, ஃபிங்கர் சேவையில் இருந்த ஒரு கெட்ஸ் அழைப்பு. 512 பைட் இடத்துக்குப் புழு 536 பைட்டுகளை அனுப்பியது. அப்படியும் கெட்ஸ் சி தரத்திலிருந்து நீக்கப்பட்டது 2011இல்தான்.

இன்று பரவலாகக் கற்பிக்கப்படுவது எஃப்கெட்ஸ். இடத்தின் அளவைக் கேட்டு வாங்கிக்கொண்டு அதைத் தாண்டாமல் நிற்கும்; எழுத்துச்சரத்தின் முடிவைக் காட்டும் நல் குறியையும் தானே வைக்கும். பாதுகாப்பு என்ற அளவில் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வரிமுடிவுக் குறியையும் சேர்த்தே தருகிறதே என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது இதன் பெரிய பலமாகவே தெரிகிறது. கோப்பின் கடைசி வரியைத் தவிர்த்தால், வரி முழுதாக வந்துவிட்டது என்பதற்கு நம் கையில் இருக்கும் ஒரே சான்று அந்தக் குறி. அதைப் பார்த்தோமா என்று சோதிக்காமலே வெட்டி எறிவதுதான் தவறு.

80 பைட் அணி ஒன்றைக் கொடுத்து, வரிமுடிவோடு சேர்த்து 200 பைட் நீளமுள்ள வரியைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். 79, 79, 42 என்று மூன்று துண்டுகளாக வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. வரிகளை எண்ணும் நிரல் ஒன்றை மூன்றாக எண்ணிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும்.

தமிழ்க் கோப்பில் இது இன்னும் மோசம். யூடிஎஃப்-8 முறையில் தமிழுக்கான ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். இடைவெளி இல்லாத தமிழ் வரி என்றால் 79 பைட்டுக்குள் 26 குறியீடுகள் அடங்கும். மிஞ்சிய ஒரு பைட்டில் 27ஆவதன் தலை மட்டும் இருக்கும், உடல் அடுத்த துண்டில். துண்டின் அளவை மூன்றின் மடங்காக வைத்தாலும் தப்ப முடியாது. 'கொ' என்பது ககரமும் ஒகரக் குறியுமாக 6 பைட். வெட்டு நடுவில் விழுந்தால் முதல் துண்டு 'க' என்று முடியும், அடுத்தது துணைக்குறியில் தொடங்கும். துண்டுகளை இடையில் எதுவும் செருகாமல் அப்படியே வெளியே எழுதினால் பாதகமில்லை. தேடவோ வரிசைப்படுத்தவோ போனால் விடை தவறிவிடும்.

இதைவிட என்னை வருத்துவது, 'கோப்பின் முடிவு வராத வரை' என்று எஃப்இஓஎஃப் சார்பை வைத்துச் சுழலும் வழக்கம். மா, பலா, வாழை என்று மூன்று வரிகள் கொண்ட கோப்பை அப்படிப் படித்தால் வாழை இரண்டு முறை அச்சாகும். எஃப்இஓஎஃப் வரப்போவதைச் சொல்லாது. ஒரு வாசிப்பு முடிவில் முட்டிய பிறகுதான் ஆம் என்னும். மூன்றாவது வாசிப்பு வாழையின் வரிமுடிவோடு நின்றுவிட்டது, முட்டவில்லை. நான்காவது முயற்சி தோற்றும், அணியில் கிடந்த பழைய வாழையே மறுபடி அச்சாகிறது. கடைசி வரிக்குப் பின் வரிமுடிவு இல்லாத கோப்பில் மட்டும் இந்தப் பிழை தலைகாட்டாது. மூன்றாவது வாசிப்பே முடிவில் முட்டிவிடும். அதனாலேயே 'எனக்குச் சரியாக ஓடியதே' என்று பலர் நம்பிவிடுகிறார்கள். வட்டுப் பழுதால் வாசிப்பு தடைபட்டால் இன்னும் ஆபத்து: முடிவு வரவே வராது, சுழற்சியும் நிற்காது. எஃப்கெட்ஸ் திருப்பித் தரும் மதிப்பையே நிபந்தனையாக வைத்தால் இவை எல்லாம் தீர்ந்துவிடும்.

2008 பாசிக்ஸ் தரத்தில் சேர்ந்த கெட்லைன், இடத்தை முன்பே ஒதுக்க வேண்டிய மூலச் சிக்கலையே தீர்க்கிறது. வரிக்கு ஏற்ப இடத்தைத் தானே பெருக்கிக்கொள்ளும், எத்தனை பைட் வந்தது என்றும் சொல்லும். அந்த இடத்தை விடுவிக்கும் பொறுப்பு நம்முடையது. மைக்ரோசாஃப்ட் நூலகத்தில் இது கிடையாது. உச்சவரம்பும் இல்லை: வரிமுடிவே இல்லாத பெரிய கோப்பை யாராவது வேண்டுமென்றே அனுப்பினால் நினைவகம் முழுவதையும் விழுங்கப் பார்க்கும். முன்பின் தெரியாதவர் தரும் உள்ளீட்டுக்கு, வரம்பு கட்டிய எஃப்கெட்ஸும் வரிமுடிவுச் சோதனையும்தான் பொருத்தம். நம் கையிலுள்ள கோப்புகளுக்கு, லினக்ஸில், கெட்லைனை விட்டு வேறெதையும் தேட வேண்டியதில்லை.

சி கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆய்வகக் குறிப்பேட்டில் அந்த எஃப்இஓஎஃப் சுழற்சி இருந்தால் இந்தப் பருவத்திலேயே அடித்துவிடுங்கள். மாணவரின் நிரலை மதிப்பிடும்போது மூன்று கோப்புகளைக் கொடுங்கள்: ஒன்றில் அணியைவிட நீளமான தமிழ் வரி இருக்கட்டும், இன்னொன்று கடைசி வரிமுடிவு இல்லாததாக இருக்கட்டும், மூன்றாவது வெற்றுக் கோப்பு. மூன்றையும் சரியாகப் படிக்கும் நிரலுக்கு மட்டும் முழு மதிப்பெண் போடுங்கள்.