அஞ்சுவார் ஆற்றைக் கடந்த கதை

இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட் நகருக்குத் தெற்கே எல்ஸ்டோ என்றொரு சிற்றூர். அங்குள்ள பழைய தேவாலயத்தின் மணிக்கோபுரம் கட்டடத்தோடு ஒட்டாமல் தனியே நிற்கிறது. சென்ற இலையுதிர்காலத்தில் அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். ஜோன் பன்யன் 1628இல் பிறந்தது இந்த ஊரில்தான். பாத்திரம் திருத்துவது குலத்தொழில். இளவயதில் அவருக்குக் கோயில் மணி அடிப்பதில் பெருவிருப்பம். மனந்திரும்பத் தொடங்கிய காலத்தில் அது வீண் பொழுதுபோக்கு என்று தோன்ற, விட்டுவிட்டார். ஆசை விடவில்லை. மற்றவர்கள் அடிப்பதைப் பார்க்கப் போவார். அப்படி நிற்கும்போது, மணி அறுந்து தலையில் விழுந்தால் என்றோர் எண்ணம். ஓர் உத்தரத்தின் கீழ் ஒதுங்கினார். விழுகிற மணி சுவரில் பட்டுத் தெறித்து வந்தால்? வாசலுக்கு நகர்ந்தார். கோபுரமே சரிந்தால்? ஓடிவிட்டார்.

இதை அவரே 1666இல் வெளிவந்த தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். முதல்முறை படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் முறை வரவில்லை.

பன்யனை நான் திரும்ப எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. புலம்பெயர்ந்த நாடுகளின் தமிழ்ச் சபைகளில் இப்போது ஒரு விளக்கம் அடிக்கடி காதில் விழுகிறது. வேதத்தில் கடவுளுக்குப் பயப்படுதல் என்று வருகிற இடத்தில் பயம் என்பது பயம் அல்ல, மரியாதை என்கிறார்கள். இங்கே பிறந்த பிள்ளைகள் எழுப்பும் கேள்விக்கு இது வசதியான பதில். அன்பான கடவுளுக்கு ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்கிற பதினான்கு வயதுக்காரிக்கு வேறென்ன சொல்வது? ஆனால் அதே சபையில், அடுத்த மாதம் வருகிற விருந்தினர் போதகர் நரகத்தை ஒரு மணி நேரம் வர்ணிப்பார். அப்போது மரியாதை எங்கே போனது என்று ஒருவரும் கேட்பதில்லை. மேசையில் மரியாதை, மேடையில் பயம். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடத்தைப் பற்றிப் பேச நமக்கு மொழி போதவில்லை. அந்த இடத்தைப் பன்யன் எழுதியிருக்கிறார் என்பதே என் வாதம்.

தமிழில் பன்யன் புதியவர் அல்லர். எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) அவருடைய 'மோட்சப் பிரயாண'த்தின் முதற்பாகத்தை அடியொற்றியே 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காப்பியத்தை 1894இல் வெளியிட்டார். ஆகவே முதுகில் சுமையோடு நாசபுரியை விட்டு ஓடுகிற கிறிஸ்தியானைப் பலருக்குத் தெரியும். அந்த முதற்பாகத்தில் (1678) ஓர் இடம் உண்டு. நல்ல வழிகாட்டி சொன்ன பாதையை விட்டு, உலக ஞானி ஒருவரின் யோசனையைக் கேட்டு, சட்டத்தின்படி நடந்து சுமையை இறக்கலாமென்று கிறிஸ்தியான் ஒரு மலையடிவாரத்துக்குப் போகிறான். அந்த மலை பாதையின் மேல் தொங்குவதுபோல் நிற்கிறது. தலையில் விழுந்துவிடுமோ என்று அவனால் அடியெடுத்து வைக்க முடியவில்லை. நெருப்பும் பறக்கிறது. அது சீனாய் மலை என்று உரைகாரர்கள் விளக்குவார்கள், சரிதான். எனக்கோ எல்ஸ்டோ கோபுரம்தான் தெரிகிறது. இளைஞன் பன்யனின் தலைமேல் சரிய இருந்தது பன்னிரண்டு ஆண்டுச் சிறைவாசத்தையும் தாண்டி வந்து மலையாக நிற்கிறது. தலைக்கு மேலே கடவுள் என்று ஏதோ ஒன்று எந்நேரமும் விழக் காத்திருக்கிறது என்ற பயம் அது. அதிலிருந்து ஓடத்தான் முடியும். அதன்முன் யாரும் மண்டியிடுவதில்லை.

முதற்பாகம் வந்த மறு ஆண்டே, 1679இல், தேவபயம் பற்றி அவர் ஒரு தனி நூல் எழுதினார். அதில் பயத்தை வகை பிரிக்கிறார். கடவுளை விட்டு விலகி ஓடச் செய்யும் பயம் ஒன்று. அடிமைக்குரிய பயம் மற்றொன்று. மனந்திரும்பும் வேளையில் அதற்கும் வேலை உண்டு, ஆனால் பிள்ளையாக ஏற்கப்பட்டவனிடம் அது திரும்பி வந்தால் அது கடவுளிடமிருந்து வருவதல்ல. பிள்ளைக்குரிய பயம் கடைசி, அது நிலைப்பது. அடிமையின் பயம், மகனின் பயம் என்ற பிரிவு அகுஸ்தீன் காலத்திலிருந்தே திருச்சபையில் உள்ளது. பன்யன் அதைத் தெளிவாகவும் உருக்கமாகவும் சொல்கிறார். ஆனாலும் எனக்கு அந்த நூலில் நிறைவில்லை. மணிக்கோபுர வாசலில் நின்ற இளைஞனின் கையில் அதைக் கொடுத்திருந்தால், தன்னுடையது எந்த வகை என்று கண்டுபிடிக்க முடியாமல் இன்னும் பயந்திருப்பான். வகைகள் புத்தகத்தில் பிரிந்து கிடக்கின்றன. மனத்தில் அப்படிக் கிடப்பதில்லை. உரைநடையில் பிரித்ததை 1684இல், 'மோட்சப் பிரயாண'த்தின் இரண்டாம் பாகத்தில், பன்யனே மறுபடி கலந்துவிடுகிறார். நல்ல வேளை.

அந்தப் பாகத்தில் வருகிறவர் 'மிஸ்டர் ஃபியரிங்'. பயங்கொள்ளி என்று பெயர்த்தால் கோழையாகிவிடுவார். அஞ்சிக்கொண்டே இருப்பவர், அவ்வளவுதான். நான் 'அஞ்சுவார்' என்று வைத்துக்கொள்கிறேன். கதையில் அவர் நேரில் வருவதில்லை. அவரை வழிநடத்திக் கூட்டிப்போன பெருமனத்தார் பின்னொரு நாள் கிறிஸ்தியானின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அவர் கதையைச் சொல்கிறார். அவநம்பிக்கைச் சேற்றின் கரையில் அஞ்சுவார் ஒரு மாதத்துக்கு மேல் அழுதுகொண்டே கிடந்தார். பலர் கைகொடுத்தார்கள், கடக்கவில்லை. திரும்பிப் போகவும் இல்லை. பிறகொரு வெயில் காலையில், எப்படியோ கடந்தார். கடந்ததை அவராலேயே நம்ப முடியவில்லை. இடுக்கமான வாசலில் மற்றவர்களுக்கு வழிவிட்டு வழிவிட்டு நடுங்கி நின்று, கடைசியில் மெதுவாக ஒன்றிரண்டு தட்டு தட்டினார். அடுத்த வீட்டு வாசலிலும் குளிரில் வெளியே கிடந்தார். ஏற்றுக்கொள்ளும்படி எழுதிய பரிந்துரைக் கடிதம் அவர் மடியிலேயே இருந்தது!

இப்படிப்பட்டவர் செங்குத்து மலையைக் கண்டு தயங்கவில்லை. சிங்கங்களுக்குப் பயப்படவில்லை. மாயச் சந்தையில் எல்லாரோடும் சண்டைக்குப் போகிற அளவுக்குத் துணிந்தார். தாழ்மையின் பள்ளத்தாக்கில் மண்ணை அணைத்துப் பூக்களை முத்தமிட்டார். அவருடைய பயம் உயிரைப் பற்றியதல்ல. கடைசியில் தன்னை ஏற்றுக்கொள்வார்களா என்ற ஒன்றே ஒன்றுதான்.

இவரை எனக்குத் தெரியும். என் அம்மம்மா. யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுகிறபோது பங்கருக்குள் இறங்க மாட்டேன் என்று அடுப்படியிலேயே நிற்பார். 1995 ஒக்டோபர் இறுதியில் ஊரோடு ஊராக மழையில் இடம்பெயர்ந்தபோது நாவற்குழிப் பாலத்தில் நெரிசலுக்குள் எங்களையெல்லாம் அதட்டி நடத்தியவர். ஆனால் மாதத்துக்கொரு முறை திருவிருந்து ஞாயிறு வந்தால் கடைசி வாங்கில் உட்கார்ந்துவிடுவார், எழும்பிப் போகமாட்டார். அபாத்திரமாய் எடுத்தால் ஆக்கினை என்று பவுல் எழுதியது அவருக்கு மட்டும் எழுதியது. இளமையில் கேட்ட ஏதோ ஒரு பிரசங்கம் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று அம்மா சொல்வார். நான் நெடுங்காலம் அந்தப் பெயர் தெரியாத பிரசங்கியார் மேல் கோபமாக இருந்தேன். இன்றும் கோபம்தான். ஆனால் அஞ்சுவாரைப் படித்த பிறகு, அம்மம்மாவிடம் இருந்தது முழுவதும் அந்தப் பிரசங்கியார் வைத்தது என்று சொல்ல முடியவில்லை. தட்டில் வருவது வெறும் அப்பத் துண்டு அல்ல என்று எங்கள் வீட்டில் நம்பியவர் அவர் ஒருவர்தான். நாங்கள் எழும்பிப் போய் எடுத்து, வீட்டுக்கு வந்து மத்தியானக் கறியைப் பற்றிப் பேசினோம்.

பன்யனின் கெட்டித்தனம் ஆற்றங்கரையில் தெரிகிறது. மரணமாகிய ஆற்றை மூன்று பேர் மூன்று விதமாகக் கடக்கிறார்கள். கிறிஸ்தியான், அவ்வளவு தூரம் நடந்து வந்தவன், நடு ஆற்றில் பயந்து தாழ்கிறான். தோழன் அவன் தலையைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அறிவீனன் என்பவன் வழி முழுவதும் எதற்கும் அஞ்சாதவன். ஓடக்காரன் ஒருவன் சுகமாக அக்கரை சேர்க்கிறான். அங்கே வாசலிலிருந்தே பாதாளத்துக்குப் போகிறான். இது முதற்பாகத்தின் முடிவு, குரூரமான முடிவும்கூட. பன்யன் அங்கேயும் கோபுரத்தின் நிழலை விட்டு முழுதாக வெளியே வரவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஆறு ஆண்டுகள் கழித்து அஞ்சுவாரை அதே ஆற்றுக்குக் கூட்டி வருகிறார். அவர் வழக்கம்போல், இனி மூழ்கிப்போவேன், அந்த முகத்தைக் காணமாட்டேன் என்று புலம்புகிறார். அன்றைக்கு ஆறு அதுவரை யாரும் காணாத அளவுக்கு வற்றியிருந்தது. கால் நனைந்ததற்குச் சற்று மேலாக, அவ்வளவுதான்.

இதில் அவர் பயம் நீங்கியதாக ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தண்ணீர்தான் குறைகிறது. நம் சபை விளக்கங்கள் மனிதரைத் திருத்தப் பார்க்கின்றன. பன்யன் ஆற்றைத் தாழ்த்துகிறார். பயந்தவரைத் திட்டவில்லை, பயப்படாதே என்று பாடம் நடத்தவில்லை. வழியில் அவரைச் சந்தித்தவர்கள் எல்லாரும் மென்மையாகவே நடத்துகிறார்கள். கதையைக் கேட்ட கிறிஸ்தியானின் மனைவிக்கு, தன்னைப்போல் ஒருவரும் இல்லையென்று இருந்த நினைப்புப் போய் ஆறுதல் வருகிறது.

பயம், மரியாதை என்ற இரண்டையும் வேதம் வெவ்வேறு பெட்டிகளில் வைக்கவில்லை. யாத்திராகமத்தில் சீனாய் அடிவாரத்தில் மோசே மக்களிடம் பயப்படாதீர்கள் என்கிறார். அதே மூச்சில், கடவுளைப் பற்றிய பயம் உங்களிடம் இருக்கட்டும் என்கிறார். எபிரேயத்தில் இரண்டுக்கும் வேர் ஒன்றே. ஒன்றைப் பயம் என்றும் மற்றதை மரியாதை என்றும் பெயர்த்தால் அந்த வாக்கியத்தின் திணறல் போய்விடும். பழைய தமிழ் மொழிபெயர்ப்புகள் பயம் என்றே விட்டன. 1995இல் வந்த திருவிவிலியம் அச்சம் என்ற சொல்லை விரும்புகிறது. இரண்டும் நேர்மையான வழிகள். நமக்குப் 'பயபக்தி' என்ற கூட்டுச்சொல்லும் உண்டு, ஆனால் அது புழங்கிப் புழங்கி, கோயிலில் கைகட்டி நிற்கும் ஒரு பாவனையாகத் தேய்ந்துவிட்டது. வள்ளுவரிடம் போனால், அரசன் குடிகளை வெருட்டக்கூடாது என்பதற்கு ஓர் அதிகாரம், தீவினைக்கு அஞ்சுவதற்கு ஓர் அதிகாரம். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதை அறிவுடைமையில் சேர்க்கிறார். பயத்தையும் ஞானத்தையும் நீதிமொழிகள் சேர்த்துக் கட்டுவதைக் கண்டு ஐரோப்பிய வாசகர் திடுக்கிடலாம், தமிழ் வாசகர் திடுக்கிடத் தேவையில்லை.

அம்மம்மா தென்மராட்சியில், உறவினர் வீட்டுப் பின் அறையில் கிடந்து காலமானார். கடைசி வாரத்தில் போதகர் திருவிருந்து கொண்டுவந்தார். அம்மம்மா அவரை நெடுநேரம் பார்த்தார். "நான் எடுக்கலாமோ ஐயா?" என்று கேட்டார். போதகர் ஒன்றும் சொல்லாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அப்பத்தைப் பிட்டார். அவர் எடுத்தார். கை நடுங்கியதால் நான் கிண்ணத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது.