பீட்டில்ஸும் கண்ணீர்க் கணக்கும்

1963 செப்டம்பரில் ஜார்ஜ் ஹாரிசன் அமெரிக்காவுக்குப் போனார். இல்லினாய் மாநிலத்தில் பென்டன் என்ற சிற்றூரில் அக்கா வீடு. பிரிட்டனில் தெருவில் இறங்கினாலே கூட்டம் மொய்க்கும் பீட்டில்ஸ் குழுவின் கிட்டார்காரர், அங்கே கடைத்தெருவில் கைவீசி நடந்தார். பக்கத்து ஊர்க் கடையில் ரிக்கன்பேக்கர் கிட்டார் ஒன்று வாங்கினார். உள்ளூர்க் குழுவோடு ஓர் இரவு மேடையேறி வாசித்தார். அவர் யாரென்று கேட்பாரில்லை. ஐந்து மாதம் கழித்து, 1964 பிப்ரவரி 9 இரவு, எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவரையும் மற்ற மூவரையும் 7 கோடியே 30 லட்சம் அமெரிக்கர்கள் பார்த்தார்கள்.

அந்த ஐந்து மாதத்தைப் பற்றி எழுதப்பட்டவை அலமாரி கொள்ளாது. ஆனால் சாய்வு நாற்காலியில் இருந்தபடி ஊகித்தவர்களே அதில் அதிகம். விவரம் தேடி அலைந்தவர்கள் சிலர்தான். மார்க் லூயிசன் அலைந்தவர்தான். என்ன செய்ய, 2013இல் வந்த அவருடைய பிரம்மாண்டமான பீட்டில்ஸ் வரலாற்றின் முதல் தொகுதி 1962ஆம் ஆண்டோடு நின்றுவிடுகிறது!

ஊகங்களில் ஆயுள் கெட்டியானது கென்னடி விளக்கம். அதிபரைப் பறிகொடுத்துத் துக்கத்தில் கிடந்த நாட்டுக்கு இந்த நான்கு இளைஞர்கள் மருந்தாக வந்தார்கள் என்பது. ராக் விமர்சகர் லெஸ்டர் பேங்ஸ் அழுத்தமாகச் சொன்னார்; பிறகு ஆவணப்படம்தோறும் அதே பல்லவி. எனக்கு இது ஒருநாளும் செரித்ததில்லை. 1963 அக்டோபரிலேயே பிரிட்டன் பீட்டில்ஸுக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. அங்கே எந்த அதிபர் செத்தார்? இன்னொன்றும் உண்டு. நவம்பர் 22 காலையில் சிபிஎஸ் தொலைக்காட்சி பீட்டில்ஸ் பற்றி ஒரு செய்தித்தொகுப்பு காட்டியது. மாலையில் மறுபடி காட்டுவதாக ஏற்பாடு. நண்பகலில் டல்லஸில் துப்பாக்கி வெடித்தது. செய்தி வாசிப்பாளர் வால்டர் கிரான்கைட் அதை மறுபடி காட்டியது டிசம்பர் 10ஆம் தேதி. கென்னடியின் மரணம் பீட்டில்ஸுக்கு வழிதிறந்ததாகச் சொல்கிறார்கள். பதினெட்டு நாள் வழிமறித்தது என்பதுதான் பதிவில் இருக்கிறது.

விவரக்காரர்களில் எனக்குப் பிடித்தவர் புரூஸ் ஸ்பைசர். நியூ ஆர்லியன்ஸில் வரி வழக்கறிஞர். 2003இல் வந்த அவர் நூல், தணிக்கைக்காரர் ரசீதுகளைப் புரட்டுவதுபோல இசைத்தட்டுகளைப் புரட்டுகிறது. அங்கேதான் சங்கதியே இருக்கிறது. பிரிட்டனின் இஎம்ஐக்குச் சொந்தமான அமெரிக்க இசைத்தட்டு நிறுவனம் கேப்பிட்டல், தாய்க் கம்பெனி அனுப்பிய பீட்டில்ஸ் பாட்டுகளைத் திரும்பத்திரும்பத் தள்ளிவிட்டது. சிகாகோவில் கறுப்பினத் தம்பதி நடத்திய வீ-ஜே நிறுவனம், 1963 தொடக்கத்தில் ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ தட்டை வெளியிட்டது. முதலில் அச்சான தட்டுகளில் குழுவின் பெயரில் ஒரு ‘டி’ கூடுதலாக விழுந்திருந்தது. அதைக் கவனிக்கக்கூட ஆளில்லை. பிலடெல்பியாவின் ஸ்வான் நிறுவனம் வெளியிட்ட ‘ஷி லவ்ஸ் யூ’ தட்டுக்கும் அதே கதி. பாட்டின் மகிமை ஒன்றே போதும் என்பவர்கள் இந்தத் தட்டுகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மேலாளர் பிரையன் எப்ஸ்டைனின் விடாப்பிடியில் கேப்பிட்டல் ஒருவழியாக இறங்கிவந்து, ‘ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்’ தட்டை 1964 ஜனவரி 13இல் வெளியிடுவதாக இருந்தது. அதற்குள் கிரான்கைட் நிகழ்ச்சியைப் பார்த்த மேரிலாண்டின் 15 வயதுச் சிறுமி ஒருத்தி, இந்தப் பாட்டுகள் ஏன் இங்கே கிடைப்பதில்லை என்று வாஷிங்டன் வானொலி ஒன்றுக்குக் கடிதம் போட்டாள். அறிவிப்பாளர் கரோல் ஜேம்ஸ், விமானப் பணிப்பெண் ஒருவர் வழியாக லண்டனிலிருந்து தட்டை வரவழைத்து, டிசம்பர் 17 அன்று அந்தச் சிறுமியையே மைக் முன் நிறுத்தி அறிவிக்கச் சொன்னார். தொலைபேசி மணி ஓயவில்லை. முதலில் தடுக்கப் பார்த்த கேப்பிட்டல், வேறு வழியின்றித் தேதியை டிசம்பர் 26க்கு முன்தள்ளியது. பள்ளிக்கூடங்களுக்கு கிறிஸ்துமஸ் விடுமுறை. பிள்ளைகள் பகலெல்லாம் வீட்டில், வானொலிப் பெட்டி பக்கத்தில். பிப்ரவரி 1இல் பாட்டு பில்போர்டு பட்டியலின் உச்சியில்.

அந்தச் சிறுமியை ஆண் விமர்சகர்கள் வெகுகாலம் சுவையான துணுக்காகவே வைத்திருந்தார்கள். பார்பரா எரன்ரைக்கும் தோழியர் இருவரும் 1986இல் எழுதிய நூல்தான், ரசிகைகளின் அலறலைப் பைத்தியம் என்று ஒதுக்காமல், அடக்கி வளர்க்கப்பட்ட பெண்பிள்ளைகளின் கலகமாக வாசித்தது. இந்தத் துறையில் உருப்படியான திருப்பம் அதுவே என்பேன். எலைஜா வால்ட் 2009இல், ராக் அண்ட் ரோலைக் கெடுத்ததே பீட்டில்ஸ்தான் என்று தலைப்பிலேயே வம்புக்கிழுத்தார். தலைப்பு மிகை. ஆனால் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களிடம் கற்ற இசையை அமெரிக்காவுக்கே கொண்டுவந்து விற்ற முரணை இனி யாரும் தாண்டிப் போக முடியாது.

1964 ஏப்ரல் 4ஆம் தேதி பில்போர்டு பட்டியலில் முதல் ஐந்து இடமும் பீட்டில்ஸுக்கு. மூன்றாவது, ஸ்வான் வெளியிட்ட ‘ஷி லவ்ஸ் யூ’. ஐந்தாவது, ஓராண்டுக்கு முன் வீ-ஜேயில் விலைபோகாமல் கிடந்த அதே ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’.