பாய்மரப் படகுகள்: மாலை

பாய்மரப் படகுகள்: மாலை (1926) ஜப்பானிய ஓவியர் யோஷிடா ஹிரோஷி (1876–1950) உருவாக்கிய மரக்கட்டை அச்சோவியம். செட்டோ உள்நாட்டுக் கடலைப் பற்றிய அவரது படவரிசையைச் சேர்ந்தது. பாய் விரித்த படகும் அமைதியான நீரில் விழும் அதன் பிம்பமுமே படத்தின் மையம்.

இதே படகுகளைக் காலை, முற்பகல், பிற்பகல், மூடுபனி, மாலை, இரவு என ஆறு படங்களாக ஹிரோஷி அச்சிட்டார். செதுக்கிய கட்டைகளை அப்படியே வைத்துக்கொண்டு சாயத்தை மட்டும் மாற்றினார். ஒரே பாவில் ஊடை நூலின் நிறத்தை மாற்றி வேறு துணி எடுப்பது சோமனூர்த் தறிக்காரர்கள் அறிந்த முறை. ஹிரோஷியிடம் அந்த மாற்றம் பொழுதையே மாற்றிவிடுகிறது. மாலை என்பது இங்கே வரையப்பட்டதல்ல, சாயத்தால் வந்தது.

இம்முறைக்கு ஒரு குறையும் உண்டு. காலையில் நின்ற இடத்திலேயே படகு மாலையிலும் நிற்கிறது. ஆறு படங்களையும் வரிசையாகப் பார்ப்பவருக்குக் கடல்தொழிலின் உழைப்பு தெரிவதில்லை; ஒளி மட்டுமே தெரிகிறது. 1930–31இல் மகன் தோஷியுடன் இந்தியா வந்த ஹிரோஷி, தாஜ்மகாலையும் பகலிலும் இரவிலுமாக அச்சோவியமாக்கினார். அங்கே இக்குறை எழவில்லை. கட்டடம் நகராது, படகு பிழைப்புக்காக நகர வேண்டியது.

ஆகவே ‘மாலை’யைத் தனியாகப் பார்ப்பதே நல்லது. அப்போது அந்த அசைவின்மை, வேலை முடிந்து காற்றும் அடங்கிய நேரத்தின் ஓய்வாகப் பொருள் கொள்கிறது. வரிசையில் குறையாக நின்றது தனிப்படத்தில் அதன் பலமாகிறது.