உறையும் உரையும்: கையால் தீட்டப்பட்ட முதல்நாள் அஞ்சல் உறைகள்

ஆய்வுச்சுருக்கம்

அஞ்சல்தலை வெளியாகும் நாளிலேயே முத்திரையிடப்பட்டுச் சேகரிக்கப்படும் உறையை முதல்நாள் உறை என்பர். அவ்வுறையின் வெற்றிடத்தில் ஓவியர் ஒருவர் தம் கையாலேயே படம் தீட்டுவதும் உண்டு. சேகரிப்போரின் விலைப்பட்டியல்களில் இடம்பெறும் இவ்வுறைகள் கலைத் திறனாய்வில் பெரிதும் பேசப்படுவதில்லை. தலையை மூலமாகவும் ஓவியத்தை அதன் உரையாகவும் கொண்டு இவ்வுறைகளை வாசிக்க இயலும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: முதல்நாள் உறை, அஞ்சல்தலை, நாள் முத்திரை, உரைமரபு, ஆவடி

அஞ்சல் உறையில் படம் வரைவது அஞ்சல்தலையோடு பிறந்த வழக்கம். 1840இல் பிரித்தானிய அஞ்சல்துறை உலகின் முதல் ஒட்டுத்தலையான பென்னி பிளாக்கை வெளியிட்டபோது, வில்லியம் மல்ரெடி என்னும் ஓவியர் வரைந்த அச்சுறை ஒன்றையும் உடன் வெளியிட்டது. பிரித்தானியா நடுவில் அமர்ந்து உலகின் திசையெங்கும் தூதரை ஏவுவதாகவும், யானையும் ஒட்டகமும் கீழ்த்திசை மக்களும் இருபுறமும் சூழ்வதாகவும் அமைந்த அப்படத்தை மக்கள் எள்ளி நகையாடினர். ஜான் லீச் உள்ளிட்ட கேலிச்சித்திரக்காரர்கள் போட்டி உறைகளை வரைந்து விற்றனர். அரசு தன் உறையைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பேரரசின் பெருமிதப் படத்திற்கு உறையிலேயே எழுதப்பட்ட மறுப்புரை அது. இன்று அழகுப்பொருளாக மட்டும் பார்க்கப்படும் உறையோவியத்தின் தொடக்கத்தில் இத்தகைய வம்பு இருந்தது என்பதை மறந்துவிடலாகாது.

அமெரிக்காவில் இவ்வழக்கம் வணிக வடிவம் பெற்றது. 1923 செப்டம்பர் 1இல் ஹார்டிங் நினைவுத்தலைக்காக ஜார்ஜ் லின் அச்சிட்ட உறையே விற்பனைக்கான முதல் படவுறை எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. அச்சுப்படங்கள் பெருகிய பின்னர்க் கையோவியத்திற்கு அருமை கூடியது. 1930களிலிருந்து உறைகளைத் தீட்டிய டோரதி நாப் என்பாரின் படைப்புகள் சேகரிப்போரிடையே உயர்ந்த விலை பெறுகின்றன.

ஓர் உறையில் மூவர் எழுதுகின்றனர். தலை அரசின் எழுத்து. முத்திரை ஊரின் எழுத்து. ஓவியம் தனிமனிதரின் எழுத்து. தலையும் அதன் மதிப்பும் நாடு முழுமைக்கும் ஒன்றே. இந்த ஊரில் இந்த நாளில் எனக் குறிப்பது முத்திரை மட்டுமே. ஓவியம் இவ்விரண்டிற்கும் இடையே நின்று பேச வேண்டும். தலையில் உள்ள முகத்தையே இடப்புறத்தில் பெரிதாக்கி வரைவோர் பலர். கைத்திறன் மிக்கவையாயினும் அவை மூலத்தின் சொற்களையே திருப்பிச் சொல்லும் பொழிப்புரைகள். நன்னூல் காண்டிகையுரை, விருத்தியுரை என உரையை வகுக்கிறது. மூலத்தில் இல்லாததும் அதற்கு இன்றியமையாததுமானவற்றை விரித்துரைப்பது விருத்தியுரை. உறையோவியத்தின் தரத்தை அளக்க இப்பகுப்பு பெரிதும் உதவும்.

1960 பிப்ரவரி 15இல் 15 நயா பைசா மதிப்பில் வெளியான திருவள்ளுவர் தலையை இங்கு எடுத்துக்கொள்ளலாம். அதில் உள்ள உருவம் கே. ஆர். வேணுகோபால் சர்மா தீட்டிய ஓவியத்தை ஒட்டியது. அவ்வோவியம் சட்டமன்றத்தில் திறந்துவைக்கப்பட்டது 1964இல்தான். தலை அதற்கு முன்னரே நாடெங்கும் சென்றுவிட்டது. வள்ளுவரைப் பார்த்து வரைந்த படம் எதுவும் இல்லை. ஆகவே இத்தலையின் மூலமே ஒரு கற்பனை. ஓர் ஓவியர் நூலுக்கு எழுதிய உரை. இதற்கு உறை தீட்டுபவர் அதே தாடியையும் கொண்டையையும் மீண்டும் வரைந்தால் உரைக்கு உரை எழுதியவராகிறார், மூலத்தைத் தொட்டவராகார். முகத்தை விடுத்து ஓலையையோ எழுத்தாணியையோ உழவையோ வரைபவர் நூலுக்குத் திரும்புகிறார். அதே ஆண்டு செப்டம்பர் 11இல் வெளியான பாரதி தலைக்கு இச்சிக்கல் இல்லை. பாரதிக்கு ஒளிப்படங்கள் உண்டு. அங்கு ஓவியர் எதிர்கொள்வது முகம் தெரியாமையை அன்று, முகம் அளவுக்கு மீறித் தெரிந்துவிட்டமையை.

சென்னையின் மேற்குப் புறநகர் இவ்வாய்வுக்கு வேறொரு வாயிலைத் திறக்கிறது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணிச் சமுதாயத்தைக் குறிக்கோளாக ஏற்றது. சில நாள்களில், ஜனவரி 26இல், ஐந்தாண்டுத் திட்டத் தலை வரிசை வெளியாயிற்று. டிராக்டர், விசைத்தறி, கைத்தறி, அணை, ரயில் எஞ்சின், எஃகாலை என்பன அதன் படங்கள். கன்னியாகுமரியும் ஒரு தலையில் உண்டு. மாநாட்டின் தீர்மானத்திற்குப் படவிளக்கம்போல் அமைந்த இவ்வரிசையில் ஆவடிக்கு இடமில்லை. அவ்வாண்டு இத்தலைகள் ஆவடி முத்திரை பெற்று ஓர் உறையில் சென்றிருப்பின், அவ்வூரைச் சொல்வது அந்தக் கறுப்பு வட்டம் ஒன்றே. உறையோவியர் நுழையத்தக்க இடம் இத்தகைய இடைவெளிதான். பின்னர் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும், அம்பத்தூரில் ஏரியை அடுத்துத் தொழிற்பேட்டையும் எழுந்தன. எஃகாலைத் தலையின் அருகே அம்பத்தூர் ஏரியைத் தீட்டுபவர் தலைக்கு அழகு சேர்க்கவில்லை. திட்டத்தின் மறுபக்கத்தைக் கேட்கிறார்.

தொழில்நுட்பம் இங்கு அழகியலைத் தீர்மானிக்கிறது. உறைத்தாள் மெல்லியது, நீர்வண்ணம் மிகுந்தால் நெளியும். உள்ளே அட்டை செருகாவிடில் மடிப்பின் விளிம்பு படத்தில் கோடாக எழும். முத்திரை விழுந்தபின் தீட்டுவோர்க்கு ஈரத்தூரிகை தலையைத் தீண்டிவிடும் அச்சம் உண்டு. தீண்டினால் சேகரிப்போரிடத்து உறை மதிப்பிழக்கும். முன்பே தீட்டினால் முத்திரை எங்கு விழும், எவ்வளவு மை சிந்தும் என்பது தெரியாது. பாதுகாப்பு கருதிப் பெரும்பாலோர் முதல்வழியையே நாடுகின்றனர் எனினும், இரண்டாம் வழியே கலைக்கு நெருக்கமானது. அதில் முத்திரை ஓவியத்தின் மீது விழுந்து அதன் ஓர் உறுப்பாகிறது. அஞ்சலக ஊழியரின் கை ஓவியரின் கையோடு சேர்கிறது.

இவற்றினும் கடினமான வினா முகவரியைப் பற்றியது. சேகரிப்பு உறைகளுள் பல முகவரியற்றவை; அஞ்சலகச் சாளரத்தில் முத்திரை பெற்று அங்கேயே திரும்பி, நெகிழியுறைக்குள் புகுந்துவிடுபவை. முகவரி எழுதப்பட்டு அஞ்சற்காரரின் பையில் பயணித்த உறை கசங்கியிருக்கும், வண்ணம் உரசியிருக்கும், பின்புறத்தில் சேருமிடத்து முத்திரையும் இருக்கலாம். சந்தை முன்னதற்கே கூடுதல் விலை தருகிறது. திறனாய்வு அவ்விலையை ஏற்க வேண்டியதில்லை. கசங்கிய உறையின் ஓவியத்திற்குப் பெறுநர் ஒருவர் இருந்தார். அவருக்காகவே அது தீட்டப்பட்டது. முகவரி எழுத விடப்பட்ட இடம், எழுத்தின் சாய்வு, பெயரைச் சுற்றி ஓவியர் வண்ணத்தை நிறுத்திய எல்லை ஆகியவற்றையும் படத்தின் பகுதியாகவே கொண்டு விவரிக்கும் பட்டியல்முறை அஞ்சல்தலைக் கண்காட்சிகளுக்கும் நூலகத் தொகுப்புகளுக்கும் தேவைப்படுகிறது. அங்கு தலையின் எண்ணுக்கும் ஆண்டுக்கும் அடுத்த பத்தியில் ஓவியரின் பெயரும், தீட்டியது முத்திரைக்கு முன்போ பின்போ என்னும் குறிப்பும் இடம்பெற வேண்டும்.