வாத்தியாரம்மாவின் இரண்டு குரல்கள்

குழந்தை என்றதும் நம் கதாசிரியர்களுக்குப் பேனா குழைந்துவிடுகிறது. மழலை, வெள்ளை மனசு, பெரியவர்களின் கபடத்துக்கு எதிரே நிறுத்திவைக்க ஒரு மாசற்ற முகம். பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் உட்கார்ந்து எழுந்தவனுக்குக்கூட இது பொய் என்று தெரியும். யார் பக்கத்தில் யார் உட்காரலாம், யார் தின்பண்டத்தில் யாருக்குப் பங்கு என்று பிள்ளைகள் தமக்குள் தீர்த்துக்கொள்ளும் கறார் எந்த ஊர்ப் பஞ்சாயத்துக்கும் இளைத்ததல்ல.

காதரின் மான்ஸ்ஃபீல்ட் 1922இல் வெளியிட்ட ‘பொம்மை வீடு’ கதைக்கு நான் திரும்பத் திரும்பப் போவது இதனால்தான். சுற்றுவட்டாரத்தில் இருப்பது ஒரே பள்ளி. ஆகவே நீதிபதியின் பெண்களும் வீடு வீடாகப் போய்த் துணி வெளுக்கிறவளின் பெண்களும் அங்கேதான் படித்தாக வேண்டும். பர்னெல் வீட்டுக்கு ஒரு பெரிய பொம்மை வீடு வருகிறது. தோழிகள் இரண்டிரண்டு பேராக அழைக்கப்படுகிறார்கள். மிஞ்சுவது கெல்வி சகோதரிகள் மட்டும்.

மூத்தவள் லில்லின் உடுப்பு பர்னெல் வீட்டு மேஜை விரிப்பிலும் லோகன் வீட்டுத் திரைச்சீலையிலும் தைத்தது. லோகன் வீட்டுப் பெண் லீனாதான் அவளிடம் போய், பெரியவளானால் வேலைக்காரியாகத்தானே போவாய் என்று கேட்கிறாள். தன் வீட்டுத் திரைச்சீலைக்கு முன்னால் நின்றுகொண்டு! மான்ஸ்ஃபீல்ட் இதைச் சுட்டிக்காட்டுவதில்லை. இரண்டு பக்கம் தள்ளித் தள்ளி வைத்துவிட்டுப் போய்விடுகிறார். லில் அசட்டுத்தனமாகச் சிரிக்கிறாள். அழவில்லை என்பது லீனாவுக்குத் தோல்வி, கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது. உடனே, உன் அப்பன் ஜெயிலில் இருக்கிறான் என்கிறாள். பிறகு அந்தப் பெண்கள் கயிறு தாண்டுகிறார்கள், என்றும் இல்லாத உயரத்துக்கு. எனக்குக் கதையின் உயிர் அந்தத் துள்ளலில்தான் இருக்கிறது. கெல்விகளைத் துரத்திவிட்டபின் பெரில் அத்தைக்கு, தன் கடிதத் தொல்லையெல்லாம் மறந்து மனசு லேசாகிறதே, அதுவும் இதே துள்ளல்தான்.

வாத்தியாரம்மாவுக்கு மான்ஸ்ஃபீல்ட் ஒதுக்குவது ஒன்றிரண்டு வாக்கியம். லில்லிடம் பேச அவளுக்குத் தனிக் குரல் உண்டு. மற்றப் பிள்ளைகளுக்குத் தனிச் சிரிப்பு. அனுமதி அங்கிருந்துதான் கிடைக்கிறது. நான் படித்த பள்ளியில் பீஸ் பாக்கிக்காரர்களின் பெயரை வாசிக்கும்போது மட்டும் வாத்தியாரின் குரல் மாறும். இடைவேளையில் மைதானத்தில் கேட்கும் குரலும் அதுதான், அச்சாக.

கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையைத் தாயம்மாளின் கருணைக்காகவே எல்லோரும் சிலாகிக்கிறார்கள். எனக்கு அதில் பெரிதாகப் படுவது பிள்ளைகளின் போட்டி. பணக்கார வீட்டு ராமசாமி என்ன பீற்றிக்கொண்டாலும் ஏழைப் பிள்ளைகள் விட்டுக்கொடுப்பதில்லை. அவன் வீட்டுக்கு ஒரு ராஜா வந்தால், தங்கள் வீட்டுக்கு வந்த அநாதைப் பையன் ராஜாவை மங்கம்மாள் எதிரே நிறுத்துகிறாள். லில் கெல்விக்கு இந்த வாய் ஏன் இல்லை? சிரங்கு பிடித்த பையனைக் குளிப்பாட்டித் தன் பிள்ளைகளோடு சேர்த்துக்கொண்டவள் மங்கம்மாளின் அம்மா. அவள் வீட்டில் வேறொரு கணக்கு நடக்கிறது, அதை நம்பித்தான் பேசுகிறாள். லில்லைச் சுற்றி ஒரே கணக்குத்தான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: மங்கம்மாளின் வெற்றி ஒரு பெயரின் வெற்றி. அழகிரிசாமிக்குப் பிள்ளைகள்மேல் உள்ள பிரியம் அவளுக்குக் கடைசி வார்த்தையைக் கொடுத்துவிட்டது. மான்ஸ்ஃபீல்ட் அந்தப் பிரியத்தை அடக்கிக்கொள்கிறார். கடினமான காரியம் இது.

எல்லோருக்கும் ஒரே பள்ளி என்று கோத்தாரி குழு 1966இல் சொன்னதை நாம் கிடப்பில் போட்டோம். பிள்ளைகளைப் பிரிக்கும் வேலையைச் சேர்க்கை விண்ணப்பமே முடித்துவிடுகிறது. மிஞ்சியவர்களுக்குள் தரம் பிரிக்க ஷூவும் செல்போனும் போதும். 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகளின் ஆரம்ப வகுப்பில் 25 சதவீத இடம் நலிந்த பிரிவினருக்கு என்றது. கெல்விகள் மறுபடியும் உள்ளே வருகிறார்கள், இந்த முறை சீருடையில். திரைச்சீலையை வைத்து அடையாளம் காண முடியாது. டிபன் பாக்ஸைத் திறக்கும்வரை பொறுக்க வேண்டும். அந்தப் பத்து நிமிஷத்தை யாராவது தமிழில் எழுதினால் படிக்கக் காத்திருக்கிறேன். தாயம்மாள் அதில் வரவேண்டாம்.